மாடியில் ஒரு மூக்கு

அலறல் தெருமுனை வரை கேட்டது.

தெருமுனை மருந்துக்கடைக்காரர் தலையை வெளியே நீட்டினார். தெருவில் யாரும் ஓடவில்லை. முதல் ஆளாக நாம் ஓடுவானேன் என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

இரண்டாவது அலறல்!

அதன் பிறகுதான் போலீஸ் ஸ்டேஷனில் போன் அடித்தது. ஏட்டு எடுத்தார். எதிர்முனையில் ஒரு பெண்.

"என் கொழுந்தன்... மாடியில... ரத்தம்..."

"உயிர் இருக்காம்மா?"

"தெரியல... ரத்தம்தான் இருக்கு..."

"வாயில என்னம்மா வச்சிருக்கீங்க? ஒண்ணும் புரியல."

"பஞ்சு... பல்லு புடுங்கிட்டு இப்பதான் வந்தேன்..."

ஏட்டு ரிசீவரை வைத்துவிட்டு இன்ஸ்பெக்டர் அம்மாளின் பக்கம் திரும்பினார்.

"மேடம், ஒரே வீட்ல ரெண்டு ரத்தம். ஒண்ணு பல்லு. இன்னொண்ணு கொலை மாதிரி தெரியுது."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அவர் சிரித்துப் பார்த்தவர்கள் அந்த ஸ்டேஷனில் கிடையாது. தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

*

மாடி அறை. மேஜை. நாற்காலி. நாற்காலியில் அந்தக் கொழுந்தன், வீட்டின் இரண்டு சகோதரர்களில் தம்பி.

தலை கம்ப்யூட்டர் கீபோர்டின் மேல் கிடந்தது. பின்மண்டை பிளந்திருந்தது. நெற்றி ஏதோ ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்ததால் திரையில் ஒரே எழுத்து பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது.

"மேடம்... மரண வாக்குமூலமா இருக்குமோ?" என்றார் ஏட்டு.

"ஒரே எழுத்துல எவன்யா வாக்குமூலம் குடுப்பான்?"

ஏட்டு குனிந்து தரையைப் பார்த்தார்.

கீழே தரையில் ஒரு பித்தளைக் கேடயம். விளிம்பில் ரத்தமும் முடியும். வியாபாரிகள் சங்கம் கொடுத்தது. 'ஒற்றுமையால் உயர்ந்த சகோதரர்களுக்கு' என்று பொறித்திருந்தது.

இன்ஸ்பெக்டர் குனிந்து மேஜைக்கு அடியில் டார்ச் அடித்தார். சுவரோரம் ஏதோ வெள்ளையாக உருண்டு கிடந்தது. கர்ச்சீப்பால் எடுத்தார்.

கட்டைவிரல் பருமனில் ஒரு பிளாஸ்டிக் உருளை. இரண்டு முனையிலும் பஞ்சு. நடுவில் எதிலோ மாட்டுவதற்கு ஒரு துளை.

"பாட்டில் மூடியா மேடம்?"

"மூடி ஓட்டையா இருந்தா மூடி எதுக்குய்யா?"

பஞ்சை விரலால் தொட்டுப் பார்த்தார்.

ஈரம்.

*

கீழே கூடத்தில் போன் செய்தவள், அந்த வீட்டுப் பெரிய மருமகள், உட்கார்ந்திருந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. வாய்க்குள் பஞ்சு. கொலை நடந்த நேரத்தில் பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டிருந்தவள். வேறு இடத்தில் இருந்ததற்கான சாட்சியை வாயிலேயே வைத்துக்கொண்டிருந்த ஒரே ஆள்.

"வீட்ல வேற யாரு இருந்தாங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என் வீட்டுக்காரரு... அப்புறம் அவரைப் பாத்துக்கற சிஸ்டர். அவ்வளவுதான். வெளிக் கேட்டை நான் பூட்டிட்டுத்தான் போனேன். திரும்பி வந்து நான்தான் திறந்தேன்."

"சாவி?"

"என் பைல. ஒரே சாவி."

"அப்ப இந்த வீட்டுக்குள்ள இருந்தது ரெண்டே பேரு."

"ஒருத்தர்தான் மேடம். அவரை ஆளாக் கணக்குல எடுத்துக்க முடியாது." அவள் எழுந்தாள். "நீங்களே வந்து பாருங்க."

பார்த்தார்கள்.

ஜன்னலோரம் ஆஸ்பத்திரிக் கட்டில். கட்டிலில் அண்ணன். கண்கள் திறந்திருந்தன. மற்றதெல்லாம் அணைந்துபோனது போல் கிடந்தது. கழுத்தின் நடுவே ஒரு துளை. துளைக்குள் ஒரு ட்யூப். அதன் வாயில் முழங்கை மாதிரி வளைந்த ஒரு கனெக்டர். கனெக்டரிலிருந்து வரிவரியான வெள்ளைக் குழாய் மேஜை மேல் இருந்த வெண்டிலேட்டருக்குப் போனது.

ஹ்ஷ்ஷ்... ஹூ... ஹ்ஷ்ஷ்... ஹூ...

மெஷின் மூச்சு விட்டது. மார்பு ஏறி இறங்கியது.

"என்ன வியாதி?"

பதில் கட்டிலின் தலைமாட்டிலிருந்து வந்தது. நர்ஸ். ஒல்லியான பெண். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நரம்பு செயலிழக்கற வியாதி மேடம். போன மழைக்காலத்துல கால்ல மரத்துப்போற மாதிரி ஆரம்பிச்சு, ஒரே வாரத்துல நெஞ்சு வரைக்கும் ஏறிடுச்சு. தானா மூச்சு விட முடியாது. பேச முடியாது. கண்ணு மட்டும்தான்."

"இது கழண்டா?"

இன்ஸ்பெக்டர் விரல் கனெக்டரை லேசாகத்தான் தொட்டது. டப்பென்று கையோடு வந்துவிட்டது.

சில நொடிகளில் மெஷின் வீலென்று கத்தத் தொடங்கியது. ஏட்டு இரண்டடி பின்னால் தாவினார். நர்ஸ் இன்ஸ்பெக்டரின் கையிலிருந்து கனெக்டரைப் பிடுங்கி, ட்யூபில் வைத்து ஒரு அழுத்து, ஒரு திருகு.

சத்தம் நின்றது.

"திருகாம விட்டா நிக்காது மேடம். கழண்டா கத்தும். அதனாலதான் இவரு உயிரோட இருக்காரு."

"தெரியாமத் தொட்டுட்டேன்." இன்ஸ்பெக்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "மத்தியானம் நீ எங்க இருந்த?"

"இங்கதான் மேடம். இந்த ஸ்டூல்ல. அம்மா கிளம்பினதுலேர்ந்து அவங்க கத்தற வரைக்கும்."

"எந்திரிக்கவே இல்ல?"

"நடுவுல சாருக்கு சளி எடுத்தேன். சக்‌ஷன் போட்டு. அதுக்கும் இங்கதானே நிக்கணும்."

இன்ஸ்பெக்டர் கட்டில் பக்கம் குனிந்தார்.

"இவருக்குக் கேக்குமா?"

"நல்லாக் கேக்கும். ஒரு தடவை கண்ணை மூடினா ஆமா. ரெண்டு தடவைன்னா இல்ல."

"சார், மத்தியானம் பூரா இந்தப் பொண்ணு உங்க பக்கத்துல இருந்தாளா?"

அண்ணனின் இமைகள் மூடின.

திறந்தன.

ஒரு தடவை.

நர்ஸ் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நிம்மதி இருந்திருக்க வேண்டும். இல்லை. திகைப்புதான் இருந்தது. இன்ஸ்பெக்டர் அதை எடுத்து மனசில் ஒரு ஓரமாக வைத்துக்கொண்டார்.

பிறகு கர்ச்சீப்பைப் பிரித்தார்.

"இது என்ன?"

"எங்க மூக்கு மேடம்."

ஏட்டு தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"செயற்கை மூக்கு. நாங்க மூக்குன்னுதான் சொல்வோம். கழுத்து ட்யூப்ல மாட்டறது. மெஷினோட சேத்து வந்துச்சு. நான் எடுத்ததே இல்ல. இந்த டிராயர்ல கிடக்கும்... இது எங்க இருந்துச்சு?"

"மாடியில. செத்தவன் காலடியில."

நர்ஸின் முகத்தில் ரத்தமே இல்லாமல் போனது.

"டிராயரை யாரு திறப்பா?"

"நான்... நான் மட்டும்தான்."

கதவோரம் நின்ற மருமகள் மெல்லச் சொன்னாள்: "காலையில தம்பி இவங்களை வேலையை விட்டு நிறுத்திட்டாரு மேடம். இன்னிக்கோட கணக்கு முடிஞ்சதுன்னாரு. சிஸ்டர் ரொம்ப சத்தம் போட்டாங்க."

"ஏன் நிறுத்தினாரு?"

"என் வீட்டுக்காரரை ஏதோ ஒரு ஹோமுக்கு மாத்தப் போறேன்னாரு. அங்க நல்லாப் பாத்துக்குவாங்களாம்."

"நீங்க ஒண்ணும் சொல்லலியா?"

"பல்வலி மேடம்."

*

டாக்டர் வந்தார். வழுக்கை, வாசனை, லேப்டாப். நோயாளிக்கு அதிர்ச்சியாகியிருக்கும் என்று மருமகள்தான் கூப்பிட்டிருந்தாள். அண்ணனின் கையைத் தூக்கி விட்டுப் பார்த்தார். கை தொப்பென்று விழுந்தது.

"குட்," என்றார்.

"எது டாக்டர் குட்டு?" என்றார் ஏட்டு.

"எப்பவும் போல விழுது. புதுசா ஒண்ணும் பிரச்சினை இல்ல." மெஷினிலிருந்து ஒரு கம்பியை லேப்டாப்பில் செருகினார். "இதுல எல்லா மூச்சும் பதிவாயிடும். இதோ, இன்னிக்கு மத்தியானம். பாருங்க, எவ்வளவு அழகு. மேல கொலை நடந்துட்டிருக்கு, கீழ என் பேஷன்ட் குழந்தை மாதிரி மூச்சு விட்டிருக்காரு."

திரையில் மலைகள். ஒரே உயரத்தில், ஒரே அகலத்தில், வரிசையாக.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சளி எடுத்தா இதுல தெரியுமா?"

"தெரியாம? ட்யூபைக் கழட்டினாத்தான் எடுக்க முடியும். கழட்டினா கோடு தரையைத் தொடும், அலாரம் பதிவாகும். காலைல பாருங்க, ரெண்டு இடத்துல இருக்கு."

"மத்தியானம்?"

டாக்டர் திரையை நகர்த்தினார். நகர்த்திக்கொண்டே போனார்.

"இல்லியே."

ஹ்ஷ்ஷ்... ஹூ...

இன்ஸ்பெக்டர் திரும்பவே இல்லை. முதுகு காட்டியபடியே கேட்டார்.

"எங்கம்மா இருந்த?"

நர்ஸ் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"பின்பக்கம்... சமையல்கட்டுப் படியில."

"என்ன பண்ணின?"

"போன் பேசிட்டிருந்தேன். வேற வேலைக்கு. காலைலதானே நிறுத்தினாங்க... தெரிஞ்ச ஏஜென்சி எல்லாத்துக்கும் போட்டேன். மெஷின் கத்தினா ஓடி வந்துடலாம்னு காதை இங்கயே வச்சிருந்தேன் மேடம். சத்தியமா அது கத்தவே இல்ல."

"அப்புறம் எதுக்குப் பொய்?"

"வெண்டிலேட்டர் பேஷன்ட்டைத் தனியா விட்டுட்டுப் போனேன்னு தெரிஞ்சா எனக்கு இனி எங்கயும் வேலை கிடைக்காது."

"இப்ப வேலை மட்டும்தான் போகும்னு நினைக்கறியா?"

நர்ஸ் அழவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மேடம்... என் பொண்ணை ஸ்கூல்லேர்ந்து கூப்பிடணும். நான் போகலைன்னா கேட்லயே நிப்பா. வேற யாரும் இல்ல."

"ஏட்டய்யா, ஸ்கூலுக்கு ஒரு பெண் போலீசை அனுப்புங்க. இந்தம்மாவை ஜீப்ல ஏத்துங்க."

ஏட்டு நகர்ந்தார். நர்ஸும் நகர்ந்தாள். இரண்டடி வைத்தவள் நின்று கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆனா சாருக்குத் தெரியுமே... நான் எந்திரிச்சுப் போனதை அவரு பாத்தாரே. பின்ன எதுக்கு நான் இங்கயே இருந்தேன்னு சொன்னாரு?"

"உன் மேல பரிதாபமா இருக்கும். வா," என்றார் ஏட்டு.

"நில்லுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

எழுந்தார். கட்டிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அண்ணனின் கண்கள் மேற்கூரையில் இருந்தன.

"தம்பி செத்துக் கிடக்கான். கொன்னது யாருன்னு தெரியாது. நர்ஸ் எந்திரிச்சுப் போனதைக் கண்ணால பாத்தவரு, அவ இங்கதான் இருந்தான்னு சாட்சி சொல்றாரு. ஏன்?" யாரிடமும் இல்லாமல் கேட்டார். "அவ இங்க இருந்தான்னா, இவரும் இங்கதான் இருந்தாருன்னு அர்த்தம்."

"இவரு வேற எங்க மேடம் இருப்பாரு?" என்றார் ஏட்டு.

"அதான்யா நானும் யோசிக்கறேன்."

டாக்டர் லேப்டாப்பை மூடப் போனார். இன்ஸ்பெக்டர் அவர் கையைப் பிடித்தார்.

"அந்த அழகை இன்னொரு தடவை காட்டுங்க."

காட்டினார்.

"காலைல மலையெல்லாம் கோணல்மாணலா இருக்கு. மத்தியானம் மட்டும் ஏன் அச்சுல வார்த்த மாதிரி இருக்கு?"

"அமைதியா தூங்கியிருப்பாரு."

"தூங்கறவங்க எச்சில் முழுங்க மாட்டாங்களா? இரும மாட்டாங்களா?"

டாக்டர் திரையின் அருகே முகத்தைக் கொண்டுபோனார். வழுக்கையில் முதல் முறையாக வியர்வை.

"இங்க... ஒரு சின்னப் பல் தெரியுது. ஒரே ஒரு மூச்சு தப்பியிருக்கு. அலாரம் அடிக்கற அளவுக்கு இல்ல. அப்புறம் முக்கால் மணி நேரத்துக்கு மேல ஒரே மாதிரி. திரும்ப இங்க ஒரு பல். அதுக்கப்புறம் பழையபடி கோணல்." குரல் இறங்கியது. "உயிர் இருக்கறது எதுவும் இப்படி மூச்சு விடாது."

"உயிர் இல்லாதது எது டாக்டர் மூச்சு விடும்?"

பதில் சொன்னது நர்ஸ்.

"ரப்பர் பை."

"என்ன பை?"

"குழாய் மாத்தினா, சாருக்கு மாட்டறதுக்கு முன்னாடி மெஷின் சரியா ஓடுதான்னு பாக்கறதுக்கு ஒரு ரப்பர் பை இருக்கு. இந்த கனெக்டர்லயே மாட்டலாம். மெஷினுக்கு மனுஷன் எது, பை எதுன்னு தெரியாது. ஊதும். உப்பும். சுருங்கும். கத்தாது."

டிராயரைத் திறந்தாள். பை மேலாகக் கிடந்தது. நீல நிறம். கையில் எடுத்துக் கவிழ்த்தாள். உள்ளேயிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் தரையில் விழுந்தது.

"நான் இதைத் தொட்டே பல நாள் ஆச்சு மேடம். காஞ்சு கிடக்கணும். மெஷின் ஈரக் காத்துதான் அனுப்பும்..."

இன்ஸ்பெக்டர் கர்ச்சீப்பிலிருந்த வெள்ளை உருளையை டாக்டரின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"இந்த மூக்கை எப்ப மாட்டுவாங்க?"

"மூச்சோட ஈரத்தைப் புடிச்சு வைக்கறது இது. பேஷன்ட் மெஷினை விட்டு வெளிய வந்து, தானா மூச்சு விட்டு, நடந்து கிடந்து..." டாக்டர் அந்த இடத்தில் நின்றார். "இருமினா இது பிச்சுக்கிட்டுப் பறக்கும். எல்லாருக்கும் நடக்கறதுதான்."

"மாடி ஏறினா இரும வருமா?"

"ரொம்ப நாள் படுத்திருந்தவங்களுக்கு... கண்டிப்பா."

"இந்த வியாதி குணமாகுமா?"

"பாதிப் பேருக்கு மேல எந்திரிச்சு நடப்பாங்க. இவருக்கு ஏன் இன்னும் வரலன்னுதான் நானே..."

எல்லோரும் கட்டிலைப் பார்த்தார்கள்.

கட்டில் மேற்கூரையைப் பார்த்தது.

*

"முடியாது மேடம்!" மருமகள் குறுக்கே வந்து நின்றாள். வாயிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது. "அவரு செத்துடுவாரு!"

"நகருங்கம்மா. டாக்டர் பக்கத்துல இருக்காரு."

டாக்டர் கையில் அழுத்தி ஊதும் பையோடு நின்றார். நோயாளியின் விரலில் ஒரு கிளிப்பை மாட்டியிருந்தார். ஆக்ஸிஜன் அளவு சிவப்பு எழுத்தில் ஒளிர்ந்தது. தொண்ணூற்றெட்டு.

"மேடம், இதை நான் எழுத்துல ஒத்துக்க மாட்டேன்," என்றார்.

"வாயால ஒத்துக்கங்க, போதும்."

இன்ஸ்பெக்டர் கட்டிலின் மேல் குனிந்தார். அண்ணனின் காதருகே பேசினார்.

"சார், உங்களுக்கு நல்லாக் கேக்கும்னு தெரியும். இப்ப இதைக் கழட்டப் போறேன். நீங்க மூச்சு விட்டா, இந்தப் பொண்ணு வீட்டுக்குப் போகும். விடலைன்னா, என்கூட வரும். கோர்ட்டுக்கு என் சந்தேகம் பத்தாது. டிராயரை அவ ஒருத்திதான் தொடுவா, பொய் சொன்னதும் அவதான். இனி உங்க இஷ்டம்."

திருகினார். இழுத்தார்.

டப்!

மெஷின் அலறியது. டாக்டர் ஒரு பொத்தானை அமுக்கி அதன் வாயை அடைத்தார்.

அமைதி.

அண்ணனின் மார்பு அசையவில்லை.

கழுத்து ட்யூபின் வாய் ஒரு சின்ன வட்டக் கண் போல எல்லோரையும் பார்த்தது. அதில் காற்று போகவில்லை. வரவில்லை.

தொண்ணூற்றேழு.

"பாருங்க, விடல!" மருமகள் விசும்பினாள்.

தொண்ணூற்று நாலு.

மார்பு பலகையாகக் கிடந்தது. இமைகூட ஆடவில்லை.

ஏட்டு தன்னை அறியாமல் தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். முதலில் தோற்றது அவர்தான். புஸ்ஸென்று விட்டார்.

எண்பத்தொன்பது.

"மேடம்..." என்றார் டாக்டர்.

"இன்னும் கொஞ்சம்."

உதடுகள் ஊதா நிறமாகின. நெற்றியில் ஒரு நரம்பு எழும்பித் துடித்தது. மார்பு மட்டும் பிடிவாதமாகக் கிடந்தது. இன்ஸ்பெக்டரின் முகத்தில் முதல் முறையாக ஒரு சந்தேகம் ஓடியது. ஒருவேளை தப்போ? ஒருவேளை இந்த ஆள் உண்மையிலேயே...

எண்பத்து மூன்று.

"போதும்!"

நர்ஸ்தான். ஏட்டின் பிடியை உதறிக்கொண்டு பாய்ந்தாள். இன்ஸ்பெக்டரைத் தோளால் இடித்துத் தள்ளினாள். குழாயைப் பிடுங்கினாள்.

"என்னை ஜெயில்ல போடுங்க! எங்க வேணா போடுங்க! அவரு சாகறதைப் பாத்துட்டு நிக்கச் சொல்லாதீங்க!"

கனெக்டரை ட்யூபை நோக்கிக் கொண்டுபோனாள்.

மாட்ட முடியவில்லை.

ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

எலும்பும் தோலுமான கை. சற்று முன்பு தொப்பென்று விழுந்து டாக்டரிடம் 'குட்' வாங்கிய அதே கை.

கழுத்து ட்யூப் விசிலடித்தது. ஒரு நீண்ட, ஆழமான, ஈரமான மூச்சு. பிறகு இன்னொன்று. மார்பு படகு போல எழுந்து இறங்கியது.

மருமகள் சத்தமே இல்லாமல் தரையில் உட்கார்ந்தாள்.

அண்ணன் தன் கழுத்தைச் சுட்டிக் காட்டினார். நர்ஸுக்குப் புரிந்தது. ட்யூபைச் சுற்றித் தொண்டைக்குள் அடைத்திருந்த காற்று வளையத்தை ஒரு சிரிஞ்சால் உறிஞ்சி இறக்கினாள். இனிமேல் காற்று குரல்வளைக்கும் போகும். அண்ணன் ட்யூபின் வாயை விரலால் அடைத்துக்கொண்டார்.

பல மாதமாகத் துருப்பிடித்துக் கிடந்த குரல் வெளியே வந்தது.

"சிஸ்டரை... விட்டுடுங்க."

"எப்போலேர்ந்து சார்?" இன்ஸ்பெக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"கோடையிலயே விரல் அசைஞ்சுது. அப்புறம் மூச்சு. எல்லாரும் தூங்கினப்புறம் மெஷினைப் பைக்கு மாட்டிட்டு, கம்பியைப் புடிச்சு நிக்கப் பழகினேன்."

"சொல்லியிருக்கலாமே?"

"நல்லாயிட்டேன்னு சொன்னா எல்லாரும் நல்லவங்களாயிடுவாங்க. அப்புறம் யாரு எப்படின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

விரலை எடுத்து மூச்சு வாங்கினார். திரும்ப அடைத்தார்.

"தம்பி தினமும் வந்து உக்காருவான். கட்டைகிட்டப் பேசற மாதிரி பேசுவான். 'கம்பெனியை என் பேருக்கு மாத்திட்டேண்ணா. உன்னை ஒரு ஹோம்ல போடறேன். வசதி கம்மி. கரண்டு அடிக்கடி போகுமாம். பேட்டரி இருக்கான்னு கேக்க மறந்துட்டேன்.' சிரிப்பான்."

"நீங்க எந்திரிச்சு நின்னிருந்தாலே அவன் கதை முடிஞ்சிருக்குமே."

"அதுக்குத்தான் மேடம் போனேன். மாடிப்படி ஏறுற வரைக்கும் அதான் நெனச்சேன். முன்னாடி போய் நிக்கணும். அவன் மூஞ்சியைப் பாக்கணும். அவ்வளவுதான்." கண் மேற்கூரைக்கே போனது. "போன்ல பேசிட்டிருந்தான். பேப்பர்ல கண்ணீர் அஞ்சலி விளம்பரத்துக்கு. என் படத்தைக் கருப்பு வெள்ளையில போடறதா, கலர்ல போடறதான்னு. 'கலர்லயே போடுங்க, அண்ணன் சிவப்பு'ன்னான்."

விரலை எடுத்து இன்னொரு மூச்சு வாங்கிக்கொண்டார்.

"கேடயம் பக்கத்துல இருந்துச்சு."

மருமகள் தரையிலிருந்தே கேட்டாள். "என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதாங்க? நான் என்ன பண்ணினேன் உங்களை?"

அண்ணன் அவளை நிதானமாகப் பார்த்தார்.

"நீயும்தான் தினமும் பக்கத்துல உக்காந்து பேசின."

அவள் முகம் வெளுத்தது. என்னென்ன பேசினோம் என்று மனசுக்குள் புரட்டிப் பார்க்கிறாள் என்பது தெரிந்தது. புரட்டப் புரட்டத் தலை குனிந்தது.

"அதுல பாதி உண்மைதான்," என்றார் அவர். "அதனாலதான் உன்னை ஒண்ணும் சொல்லல."

இன்ஸ்பெக்டர் எழுந்தார்.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன் சார். இன்னும் கொஞ்ச நேரம் புடிச்சிருந்தா, நானே பயந்து குழாயை மாட்டியிருப்பேன். ஏன் விட்டீங்க?"

அண்ணன் நர்ஸைப் பார்த்தார்.

"செத்தாலும் பரவால்லன்னுதான் புடிச்சிருந்தேன். இந்த வீட்ல நான் மூச்சு விடணும்னு ஆசைப்பட்டது மெஷின் மட்டும்தான்னு நெனச்சுட்டிருந்தேன்."

விரலை எடுத்தார்.

*

அண்ணன் ஜீப் வரைக்கும் நடந்தே போனார். டாக்டர் பின்னாலேயே ஓடினார். "மெதுவா... மெதுவா..." என்றவர், பழக்கதோஷத்தில் "பிரமாதம்" என்றும் சொல்லிவிட்டார். மருந்துக்கடைக்காரர் இந்த முறை கடையை விட்டே வெளியே வந்து பார்த்தார்.

நர்ஸ் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஸ்கூல் விட இன்னும் நேரம் இருந்தது. கண் சிவந்திருந்தது. இன்ஸ்பெக்டர் அவளிடம் வந்தார்.

"பொய் சொன்னதுக்குத் தனியா ஒரு நாள் வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போ."

"சரிங்க மேடம்."

"அதிருக்கட்டும், மத்தியானம் அத்தனை போன் போட்டியே. ஏதாவது கிடைச்சுதா?"

"ஒரு இடத்துல நாளைக்கே வரச் சொல்லியிருக்காங்க மேடம். வசதியான வீடு. பேஷன்ட் கோமாவுல இருக்காராம்."

ஜீப்பில் ஒரு காலை வைத்திருந்த ஏட்டு திரும்பிப் பார்த்தார்.

"எதுக்கும் முதல்ல கிச்சுகிச்சு மூட்டிப் பாத்துட்டு வேலைக்குச் சேரும்மா."